ஒரு கூடை போட்டுத் தர முடியுமா?

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எதையாவது கொடுத்துவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். டிபன் கேரியரில் சாப்பாடு, ஒரு டஜன் சாத்துக்குடி, தெரிந்த ஜோசியரின் போன் நம்பர், "நீங்கதான் தைரியமா இருக்கணும்" என்கிற உத்தரவு. எல்லாம் நல்ல மனசோடு வருவதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் என்னை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பியது யாரும் கொடுத்த எதுவும் இல்லை. மாடியில் குடியிருந்த ஒரு பெண் என்னிடம் ஒன்று கேட்டாள். அதிலிருந்துதான் ஆரம்பித்தது. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும், அவர்களைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நிற்பவர்களுக்கும் இதில் ஏதாவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் மதுரை. என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போனார். அந்த மாதம் 10ஆம் தேதி ஊரடங்கு தொடங்கி, 24ஆம் தேதியிலிருந்து மளிகைக் கடைகூடத் திறக்காத முழு ஊரடங்காக ஆனது. எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் தெருவே வந்து நிற்கும். பந்தல், வாடகைச் சேர், நீர்மாலை, கோடித் துணி, கொட்டு, ஒப்பாரி. அவருக்கு இதில் ஒன்றும் இல்லை. சுற்றிக் கட்டிய உடம்பை ஆம்புலன்சில் நேரே தத்தனேரி மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். மகன் கவச உடை போட்டுக்கொண்டு தள்ளி நின்று பார்த்தான். நானும் என் மாமியாரும் வீட்டில், ஆளுக்கொரு அறையில், டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தோம்.

கேதச் சடங்கெல்லாம் செத்தவருக்கா, இருப்பவருக்கா என்கிற பழைய பட்டிமன்றத்தில் எனக்கு இப்போது ஒரு கட்சி உண்டு. இருப்பவருக்குத்தான். சடங்கு நடக்கிற வீட்டில் ஆளாளுக்கு எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சொம்பு எங்கே, மாமன் வீட்டுக்குச் சொல்லியாச்சா, எத்தனை பேருக்கு இலை போடணும். அழுதுகொண்டிருப்பவளை நடுவில் நிறுத்தி, "ஏத்தா, மல்லித்தூள எங்க வச்சிருக்க?" என்பார்கள். எரிச்சல் வரும். ஆனாலும் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்துத்தானே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் நாலு பேரோடு முடிந்தது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

முதலில் கேட்டது அரசாங்கம்தான். வாரிசுச் சான்றிதழ் கேட்டது.

சிரிப்பாக இருந்தாலும் உண்மை அதுதான். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் கட்டணம் கிடையாது. அதை மகன் முடித்துவிட்டான். மற்றதற்கெல்லாம் நான் போனேன். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம், அதற்கு மேல் தாசில்தார் அலுவலகம், குடும்ப ஓய்வூதியம், வங்கி, கேஸ் இணைப்பு, அப்புறம் எங்கள் வீட்டு மின் இணைப்பு. ஊருக்கெல்லாம் பெயர் மாற்றிக் கொடுத்தவரின் பெயரையே மாற்றச் சொல்லி விண்ணப்பம் எழுதினேன். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.50,000 என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்த பிறகு அதற்கும் ஒரு படிவம். இந்த அலைச்சலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இறப்புச் சான்றிதழில் பத்துப் பிரதியாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போகிற இடமெல்லாம் ஒன்று கேட்பார்கள். எல்லாக் காகிதத்தையும் ஒரே ஃபைலில் போட்டு, அதோடு ஒரு சின்ன நோட்டும் வையுங்கள். யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதிக்கு வரச் சொன்னார்கள் என்று அங்கேயே நின்று எழுதிக்கொள்ளுங்கள். துக்கத்தில் ஞாபகம் தங்காது. கவுன்டரில் கேட்டது படி இறங்குவதற்குள் மறந்துபோகும். முடிந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். பேசுவதற்கு வேண்டாம், கேட்டுக்கொள்வதற்கு.

காகித வேலை ஒருநாள் தீர்ந்தது. அதன்பிறகுதான் உண்மையிலேயே சும்மா இருந்தேன்.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். துக்கத்துக்கு ஐந்து கட்டம்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. நானும் தினமும் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று பார்த்தேன். காலையில் ஐந்தாவது, சாயங்காலம் இரண்டாவது, ராத்திரி இந்தப் பட்டியலிலேயே இல்லாத ஏதோ ஒன்று. பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது, எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969இல் அதைச் சொன்னது, தாங்களே பிழைக்கமாட்டோம் என்று தெரிந்துகொண்ட நோயாளிகளைப் பார்த்து. ஆளைப் பறிகொடுத்தவர்களுக்கு அதைப் பொருத்தியது அப்புறம்தான். எனக்குப் பொருந்தியது வேறொன்று. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999இல் சொன்னது. இழந்தவர் மனசு இரண்டு பக்கமும் போய்ப் போய் வரும் என்கிறார்கள். ஒரு பக்கம் போனவரை நினைத்து அழுவது. மறுபக்கம் கேஸ் புக் பண்ணுவது, அவர் பார்த்த வேலையைத் தானே பழகுவது, கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்திருப்பது. இரண்டு பக்கமும் வேண்டும், எதிலும் ஒரேயடியாகத் தங்கிவிடக் கூடாது.

அழுகிற பக்கத்துக்கு எனக்கு வழி தெரியும். மறுபக்கம் போகத்தான் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அந்தச் சாக்கு அக்டோபரில் மாடிப்படி இறங்கி வந்தது. நவம்பர் 1ஆம் தேதி சின்ன வகுப்புகளுக்கும் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறார்கள் என்று சொல்லியிருந்த நேரம். மாடி வீட்டுப் பெண் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, உங்க அடுப்படியில ஒரு ஒயர் கூடை தொங்குதே, நீங்களே போட்டதுன்னு அங்கிள் ஒருதடவை சொன்னாரு. இவனுக்குச் சாப்பாட்டுக் கூடை ஒண்ணு போட்டுத் தர முடியுமா? ஒண்ணாந்தேதிக்கு வேணும்" என்றாள்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் இரண்டு கட்டு ஒயரை மேஜையில் வைத்துவிட்டாள். ஒன்று ஆரஞ்சு, ஒன்று நீலம். "இந்தக் கலர்லயா?" என்று கேட்டேன். கேட்டதே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பையன் தேர்ந்தெடுத்த நிறமாம், மாற்ற முடியாதாம்.

எண்பதுகளில் எங்கள் தெருவில் பள்ளிக்கூட லீவு விட்டால் திண்ணைக்குத் திண்ணை ஒயர் கூடைதான். அக்காமார்கள் போடுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு போட்டேன், அப்புறம் விட்டுப்போயிற்று. இப்போது உட்கார்ந்தால் மனசுக்கு மறந்திருந்தது, விரலுக்கு ஞாபகம் இருந்தது.

தெரியாதவர்களுக்காக முறையைச் சொல்கிறேன். ஒயரை ஒரே நீளத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, அந்த நடுப்புள்ளியிலிருந்து முடிச்சுப் போட ஆரம்பித்தால் அடிப்பாகம் வளரும். அடி போதுமான அகலம் வந்ததும், வெட்டாத நீள ஒயர் ஒன்றைச் சுற்றிலும் ஓட்டி, நிற்கிற ஒவ்வொரு ஒயரோடும் முடிச்சுப் போட்டுக்கொண்டே சுவர் எழுப்ப வேண்டும். ஓடுகிற அந்த ஒயரை ரன்னிங் ஒயர் என்போம். நிற்பது ஒரு நிறம், ஓடுவது ஒரு நிறம் என்றால் கட்டம் கட்டமாக விழும். உயரம் வந்ததும் மிச்ச நுனிகளை மடக்கி, உள்பக்க முடிச்சுகளுக்குள் சொருகி ஓரம் கட்டி, கடைசியில் கைப்பிடி. சாதா முடிச்சு கைக்கு வந்த பிறகு பிஸ்கட், நெல்லிக்காய், சிவன் கண் என்று போகலாம். முதல் கூடைக்கே சிவன் கண் வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள்.

அடி முடிந்து சுவர் எழும்புகிற மூலைதான் சிக்கலான இடம். அங்கே இழுவை ஒரே மாதிரி இல்லாவிட்டால் கூடை ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். ஒயர் நுனியைச் சாய்வாக வெட்டினால் முடிச்சுக்குள் லேசாக நுழையும். ஆள்காட்டி விரல் எரியும். பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மலிவு ஒயரை வளைத்துப் பார்த்தால் மடிப்பில் வெள்ளையாகக் கோடு விழும், அதை வாங்காதீர்கள். விளக்குத்தூண் பக்கம் போனால் நல்ல கட்டாகப் பார்த்து எடுக்கலாம். சாப்பாட்டுக் கூடைக்கு ஒன்றிரண்டு கட்டு போதும், காய்கறிக் கூடைக்கு மூன்று நான்கு ஆகும்.

ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று என் மகள் கேட்டாள். ஆமாம், பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் பைகளைத் தமிழ்நாட்டில் தடை செய்தபோது பரணில் கிடந்த ஒயர் கூடைகள் பல வீடுகளில் கீழே இறங்கின. என் அடுப்படியில் தொங்குவது அவளைவிட மூத்தது. இதற்கு மேல் வாதாட எனக்குத் தெரியாது.

கை வேலை மனசுக்கு நல்லது என்று எல்லாரும் சொல்லுவார்கள். எந்தக் கை வேலை என்று சொல்லமாட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கண்ணும் கையும் அதில் மாட்டிக்கொள்ள வேண்டும், வாயும் காதும் சும்மா இருக்க வேண்டும். கூடை போடும்போது முடிச்சை எண்ணியாக வேண்டும். எண்ணிக்கை தப்பினால் அவிழ்க்க வேண்டும். அதனால் மனசு ரொம்ப தூரம் ஓடாது. ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசலாம், ரேடியோ ஓடலாம், பால்காரர் வந்தால் எழுந்துபோய் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தையல் மிஷின் எனக்கு ஒத்துவரவில்லை. சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. வண்ணம் தீட்டுவதும் சரிப்படவில்லை, அது எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. கூடை முடிந்தால் முடிந்ததுதான், கைப்பிடி சொல்லிவிடும். இன்னொன்று, அது முடிந்ததும் யாராவது ஒருவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நானே வைத்துக்கொள்ளப் போட்டிருந்தால் அந்த முதல் கூடையை மூலையில் போட்டிருப்பேன். ஒன்றாந்தேதி ஒரு பையன் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதால்தான் முடித்தேன்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டியவர். எனக்குப் போனது புருஷன், அவருக்குப் போனது பெற்ற பிள்ளை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே ஆளுக்காக அழுதோம், ஆனால் சேர்ந்து அழவில்லை. நான் அழுதால் அவருக்குப் பொறுக்காது, அவர் அழுதால் எனக்கு. சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்பதைத் தவிரப் பல மாதம் பேச்சே இல்லை. அவர் பாட்டுக்குத் தன் அறையில் உட்கார்ந்து பஞ்சை எடுத்துக் கோயிலுக்குத் திரி உருட்டுவார். ஆரஞ்சும் நீலமுமாக நான் பின்னுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் வாசற்படியில் நின்று, "ஏத்தா, என்ன கலரு இது? கோயில் யானை மேல போத்துற துணி மாதிரி" என்றார். "மாடி வீட்டுப் பையன் கேட்ட கலரு" என்று சொன்னேன். அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். ஒயர் நுனிகள் சிக்காமல் பிடித்துக்கொண்டார்.

பிடித்துக்கொண்டவர் இரண்டு நாள் கழித்து, "எனக்குத் திரி போட்டு வைக்க ஒண்ணு போடு. மூடி வச்சுப் போடு" என்றார். மூடி வைத்த கூடை போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. வாய்க்கு ஒரு அளவு, மூடிக்கு ஒரு பிடி பெரிய அளவு, இரண்டும் வட்டமாக வர வேண்டும். சரியாக வரும்வரை அவர் விடவில்லை. இந்தச் சண்டையில்தான் நாங்கள் பழையபடி மாமியார் மருமகள் ஆனோம். ஒரே வீட்டில் துக்கப்படும் இரண்டு பேரை உட்காரவைத்து "மனசு விட்டுப் பேசுங்க" என்று சொல்வது பலருக்கும் பழக்கம். எங்களுக்கு அது நடந்திருக்காது. நடுவில் ஒரு வேலையை வைத்தார்கள் என்றால் பேச்சு தானாக வரும், அதுவும் முதலில் வேலையைப் பற்றித்தான் வரும். என் வீட்டுக்காரரைப் பற்றிய பேச்சு வந்தது அடுத்த பொங்கலுக்குப் பிறகு. சின்ன வயசில் அவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு வைகையில் மீன் பிடித்த கதை. முப்பத்துச் சொச்ச வருஷம் வாழ்ந்த எனக்கே தெரியாத கதை.

மகபூப்பாளையத்தில் என் பள்ளித் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் கணவர் என் வீட்டுக்காரருக்கு நாலைந்து வருஷம் முன்னாலேயே தவறிவிட்டார். கணவர் இறந்தால் முஸ்லிம் பெண்கள் வீட்டோடு இருக்கும் துக்க காலமான இத்தா இருந்தவள். "எங்களுக்கு நாலு மாசம் பத்து நாள்னு ஒரு கணக்கு இருக்குடி. முடிஞ்சதும் வெளிய வந்துதான் ஆகணும். உனக்கு யாரு கணக்குச் சொன்னா, ஆயுசு பூரா உக்காந்திருன்னு?" என்று போனிலேயே சண்டை போடுவாள். கூடை போடுகிறேன் என்று தெரிந்ததும், "எனக்கும் கத்துக் குடு, சும்மாதான் இருக்கேன்" என்று வியாழக்கிழமை மத்தியானங்களில் வர ஆரம்பித்தாள். அவளுக்குக் கூடை வரவே வராது, இன்றுவரை. அது முக்கியம் இல்லை. எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம்: யாரும் யாரையும் பாவம் என்று சொல்லக் கூடாது. சாயங்காலம் பருத்திப்பால் வண்டி வந்தால் மூன்று டம்ளர், சர்க்கரை இருக்கிறவர்களுக்குக் கருப்பட்டி குறைத்து.

அவள் போட்ட முதல் கூடையை மீன் மார்க்கெட்டுக்குத் தூக்கிப்போனாள். வரும் வழியில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ஒரு கிலோ சங்கரா நடு ரோட்டில். ஒரு பூனை, இரண்டு நாய், இவள் குடையோடு. அவள் அதை நடித்துக் காட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பகீரென்றது. மாமியார் காதில் விழுந்திருக்கும், வருஷம்கூட ஆகவில்லை, என்ன நினைப்பார். உள்ளே இருந்து குரல் வந்தது: "என்னன்னு எனக்கும்தான் சொல்லுங்களேன்."

இந்தக் குற்ற உணர்ச்சி எல்லாருக்கும் வருகிறது என்று பிறகு பலரிடம் பேசித் தெரிந்துகொண்டேன். அதற்கு மருந்து எனக்குத் தெரியாது. தானாகக் குறைகிறது. சிரித்ததற்காக யாரும் எழுந்து போகவில்லை என்று நாலைந்து முறை பார்த்தால் குறைகிறது.

எல்லா நாளும் ஒரே மாதிரி வலிப்பதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. 2020இலும் 2021இலும் சித்திரைத் திருவிழா ஜனங்கள் இல்லாமல் நடந்தது. 2022 ஏப்ரலில்தான் மறுபடி அழகர் ஆற்றில் இறங்கினார். அன்றைக்கு நான் உடைந்துபோவேன் என்று மகன் சென்னையிலிருந்து லீவு போட்டு வந்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழகர் இறங்கும் அன்று மின்வாரியக்காரர் வீட்டில் எந்தக் காலத்தில் இருந்தார்? ராத்திரி பூரா டூட்டி. நான் எப்போதும் அக்கம்பக்கத்தாரோடுதான் போவேன், அந்த வருஷமும் போனேன். என்னைப் புரட்டிப்போட்டது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கறி வாங்கிக்கொண்டு வந்து, தினத்தந்தியை விரித்துப் போட்டு, வெங்காயம் உரிக்க உட்காருவார். அந்த நேரத்தை நாள்காட்டியில் யாரும் சிவப்பில் போடமாட்டார்கள். உங்களுக்கு அப்படி ஒரு நேரம் எது என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு ஆளையோ வேலையையோ ஒதுக்கி வையுங்கள். நான் ஞாயிறு பத்து மணிக்கு மாடி வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வெங்காயத்தை அவன் உரிக்கிறான்.

அந்த வருஷமே மகளுக்குப் பிரசவம். பிறந்த குழந்தைக்குப் பழைய பருத்தி வேட்டிதான் சௌகரியம். எத்தனை கடைத் துணி வந்தாலும் அந்த மெதுமெதுப்பு வராது. அவர் வேட்டிகள் பீரோவில் அடுக்கினபடி இருந்தன. செத்தவர் துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போடுவதா என்று சொந்தக்காரர்கள் இழுத்தார்கள். மாமியார் ஒரே பேச்சில் முடித்தார்: "எம்மகன் கட்டுன வேட்டி அவன் பேத்திக்கு ஆகாம வேற யாருக்கு ஆகும்?" கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, இரண்டு பேரும் உட்கார்ந்து சதுரம் சதுரமாகக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்தோம். கரை போட்ட இரண்டு வேட்டியைத் தூளிக்கு வைத்தோம். துணிமணிகளை எப்போது எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேலை வரும்போது எடுங்கள். உறவினர் யாராவது ஒரே நாளில் காலி பண்ணிக் கொடுக்கிறேன் என்று வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கசப்பும் இருக்கத்தான் செய்கிறது. நவராத்திரிக்குப் பழக்கமான சில வீடுகளில் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், மாடி வீட்டுப் பெண் என்னிடம் வாங்கிய சின்னத் தாம்பூலக் கூடைகளைப் பார்த்துவிட்டு அதே வீடுகளிலிருந்து ஆர்டர் வந்தது. என் கை போட்ட கூடையில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுக்கலாமாம், நான் வந்து வாங்கக் கூடாதாம். ஒரு அம்மாள் விலையில் குறைக்கச் சொன்னார். நான் குறைக்கவில்லை. மாடி வீட்டுக் கொலுவுக்கு நானும் மாமியாரும் தோழியும் மூவருமாகப் போய்ச் சுண்டலை ஒரு கை பார்த்தோம்.

மருமகன் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஒயருக்கு ஆன காசு எவ்வளவோ அதே அளவு கூலி, அவ்வளவுதான் என் கணக்கு. அதிகம் இல்லை, ஆனால் வாங்காமல் விடுவதும் கிடையாது. இலவசமாகக் கொடுத்தால் பாவம் பார்த்து வாங்கிப்போவார்கள். காசு கொடுத்து வாங்கினால் கைப்பிடி சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கூடை எல்லாருக்கும் போதுமான மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் தாண்டியும் ஒருவருக்கு எழுந்து குளிக்க, சாப்பிட, பேச முடியவில்லை, போனவரைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்றால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. செத்துப்போய்விடலாம் என்ற பேச்சு வந்தால் ஆறு மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் வந்தது. எனக்கு வேண்டியிருந்தபோது இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது.

இனி கேத வீட்டுக்குப் போகிறவர்களுக்கு. முதல் வாரம் சாப்பாடு கொண்டுபோங்கள், அது சரி. மூன்றாவது மாதம் போகும்போது எதையாவது கேளுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது கேள்வியே இல்லை. யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அவருக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத ஒன்றாகப் பார்த்துக் கேளுங்கள். நார்த்தங்காய் ஊறுகாய் எப்படிப் போடுவது, எந்தக் கடையில் நல்ல புளி கிடைக்கும், பையனுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு, பழைய சைக்கிளுக்குப் பஞ்சர். ஆண்களிடம் இன்னும் கூடுதலாகக் கேட்க வேண்டும். மனைவியை இழந்த ஆணிடம் யாரும் எதுவும் கேட்பதே இல்லை. அவரும் டீக்கடையோடு நின்றுவிடுகிறார். பொருள் வேண்டியிருந்தால் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். நிறம் பொருந்தாமல் இருந்தால் இன்னும் நல்லது, திட்டுவதற்காகவாவது வாயைத் திறப்பார். தேதி சொல்லிக் கேளுங்கள். சொன்ன தேதிக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள், அதைப் பயன்படுத்துங்கள், கிழிந்தாலோ உடைந்தாலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். முடியாது என்று சொல்லிவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அடுத்த மாதம் வேறு எதையாவது கேளுங்கள்.